பெயர் இழந்த வண்டி

பழுதுற்ற ஒரு பொருளைச் செப்பனிடுதல் அரிதே. அப்பொருள் இன்னதென அறிதல் அதனினும் அரிது. நோய் இன்னதென்று தேராத மருத்துவன் கொடுக்கும் மருந்து நஞ்சாகும். ஏடு இன்னதென்று தேராத பதிப்பாளன் செய்யும் திருத்தம் நூலைக் கெடுக்கும். இரும்பாலும் மரத்தாலும் இயன்ற ஒரு பழைய மோட்டார் வண்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதைச் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் யாம் கண்கூடாக அறிந்தோம். தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்கும் பந்தய மோட்டாருக்கும் என்ன உறவு என்று விடுதி நண்பர் சிலர் நகைத்தனர். அவ்வுறவு எத்தகையது என்பதை இக்கட்டுரை ஒருவாறு காட்டும்.

திண்டிவனம் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர். புளியங்காடு என்று பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்னும் வடசொற்றொடரே இப்பெயராய்த் திரிந்தது என்பர். அங்கிருந்து விக்கிரவாண்டி வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால், இருப்புப்பாதைகள் பல கூடும் விழுப்புரத்தை அடையலாம். எம் வகுப்புத் தோழர் ஒருவருடைய பாட்டனார் திண்டிவனத்திற்கு அணித்தாக நெல் அரைக்கும் ஆலை ஒன்றை நடத்தி வந்தவர். அவர் மறைந்து, ஆலையும் நின்று, ஆண்டுகள் பல கடந்தன. அவ்வாலையின் உமிக் கொட்டகையில், கிழிந்த சாக்குகளுக்கும் அறுந்த தோற்பட்டைகளுக்கும் அடியில் அவ்வண்டி கிடந்தது.

இருவர் மட்டுமே அமரத்தக்க சிறிய வண்டி அது. முன்புறம் நீண்ட மூக்கு, தோளுக்கும் எட்டாத தாழ்ந்த கதவு, பின்புறம் முதுகிற் சுமந்த பெட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் பெட்ரோல் தொட்டி, மேற்கூரை இல்லை. செய்தவர் பெயரைத் தாங்கிய தகடு யாதும் காணப்படவில்லை. அது பித்தளையாய் இருந்தமையால் முன்னமே எடைக்குப் போயிற்று என்று வீட்டார் கூறினர். சக்கரங்களில் மூன்று இல்லை. செங்கற்களின்மேல் வண்டி நின்றது. எஞ்சிய ஒன்று 19 அங்குல விட்டமுள்ள கம்பிச் சக்கரம். எண்பலகையில் 'எம்' என்னும் ஆங்கில எழுத்தும் இறுதியில் 7 என்னும் எண்ணும் அன்றி எல்லாம் அழிந்திருந்தன.

எண்பலகையை முதலில் ஆராய்ந்தோம். இக்காலத்தில் திண்டிவனத்து வண்டிகள் 'டி.என். 16' என்றும், விழுப்புரத்து வண்டிகள் 'டி.என். 32' என்றும் எண் பெறுகின்றன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ஆம் ஆண்டில். அதற்கு முன் இவ்விரண்டு ஊர்களும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. நம் மாநிலம் 1969-ஆம் ஆண்டில் தமிழ்நாடு எனப் பெயர் பெறுமுன் சென்னை மாநிலம் என வழங்கிற்று. 'எம்' என்னும் எழுத்து அந்நாளைய அடையாளம். ஆகவே வண்டி அக்காலத்திற்கு முன்னரே இந்நாட்டிற் பதிவாயிற்று என்பது மட்டும் தெளிவாயிற்று. அஃது எந்நாட்டது, எவர் செய்தது என்னும் வினாக்கள் அப்படியே நின்றன.

இவ்வினாக்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. தோழருடைய தங்கைக்குச் செவிலியர் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் செலுத்தவேண்டிய நாளோ நெருங்கிக் கொண்டிருந்தது. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் நகரத்து வணிகர் ஒருவர் இரண்டு முறை வந்து பார்த்துச் சென்றார். "இன்ன வண்டி என்று உறுதியாகச் சொன்னால் ஒரு விலை, சொல்லாவிட்டால் இரும்பின் விலை" என்பது அவர் வாக்கு. மரமும் தகரமுமாகிய மேற்கூட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து புதுக்கூடு வரவழைத்துப் பூட்டினால் வண்டி 'அசல்' ஆகிவிடும் என்றும் அவர் சொன்னார். எதன் அசல் என்று அவரும் அறியார்; வீட்டாரும் அறியார். எனவே தோழரின் தந்தையார் வண்டியை ஒரு லாரியில் ஏற்றி, விழுப்புரம் இரயில் நிலையத்திற்கு அண்மையில் பட்டறை நடத்தும் முதிய மேஸ்திரி ஒருவரிடம் சேர்ப்பித்தார். அறுபது வயதைக் கடந்த அவர் கைபடாத எஞ்சின் அவ்வட்டாரத்தில் இல்லை என்பர். "ஒரு மாதம் யாரும் இதிலே ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது, தம்பி. முதலில் பார்ப்போம், அப்புறம் கழற்றுவோம்" என்பதே அவர் இட்ட முதற் கட்டளை.

வண்டி பிரெஞ்சு நாட்டது என்பது உறவினர் பலருடைய துணிபு. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. புதுச்சேரி இவ்விரண்டு ஊர்களுக்கும் அருகில் உள்ளது. விழுப்புரத்திலிருந்து அந்நகருக்கு 1879-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை அமைந்தது. 1954-ஆம் ஆண்டுவரை அங்கே பிரெஞ்சு ஆட்சி நடைபெற்றது. பிரெஞ்சு நாட்டில் 1920-களில் அமில்கார், சால்ம்சன் என்னும் பெயருடைய சிறு பந்தய வண்டிகள் பெருவழக்காய் இருந்தன. திருப்புசக்கரம் வலப்பக்கத்தில் இருத்தல் ஒன்றைக் கொண்டு அவற்றை விலக்குதலும் இயலாது. அக்காலப் பிரெஞ்சு வண்டிகள் பலவற்றில் அது வலப்பக்கத்திலேயே இருந்தது. வண்டிகளை ஒன்றை மற்றொன்றாகக் கருதுதல் உலகெங்கும் நிகழ்வதே. 1927-ஆம் ஆண்டில் நீஸ் நகரில் நடன மாது இசதோரா டங்கன், தம் கழுத்துத் துகில் சக்கரத்திற் சிக்கியதால் உயிர் துறந்தார். அவர் அமர்ந்திருந்தது புகாட்டி வண்டி என்றே உலகம் நெடுங்காலம் பேசி வந்தது; உண்மையில் அஃது ஓர் அமில்கார்.

மேஸ்திரி எஞ்சினின் புறத்தேயிருந்த ஒரு நட்டைச் சோதித்தபோது அப்பிரெஞ்சுத் துணிபு மேலும் வலுப்பெற்றது. நட்டின் மரையை அளவுக் கருவியால் அளந்தார். விட்டம் 8 மில்லிமீட்டர். மரைக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். அக்காலத்து ஆங்கில வண்டிகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. மில்லிமீட்டர்க் கணக்கு ஐரோப்பியப் பெருநிலத்திற்கு உரியது. ஆயின், அதே நட்டின் தலையில் மில்லிமீட்டர் ஸ்பானர் ஒன்றும் பொருந்தவில்லை. ஆங்கிலேயருடைய விட்வொர்த் அளவு ஸ்பானரே கச்சிதமாய்ப் பொருந்திற்று. மரை ஒரு நாட்டது; தலை வேறு நாட்டது! விவிலியத்தில் கண்ணொளி மங்கிய ஈசாக்கு, குரலைக் கேட்டால் இளைய மகனாகவும் கையைத் தடவினால் மூத்த மகனாகவும் தோன்றிய ஒருவன்முன் திகைத்திருந்த நிலையே எம் நிலையும் ஆயிற்று.

இத்திகைப்பே வண்டியின் பெயரை வெளிப்படுத்தும் திறவுகோலாய் அமைந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சுப் படைக்கலக் கம்பெனி, இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலை அமைத்தது. போர் முடிந்தபின் அத்தொழிற்சாலை மாரிஸ் வண்டிகளுக்கு எஞ்சின் செய்து கொடுத்தது. 1923-ஆம் ஆண்டில் வில்லியம் மாரிஸ் என்பார் அதனை விலைக்கு வாங்கினார். அங்கிருந்த கடைசல் இயந்திரங்கள் யாவும் பிரெஞ்சு மில்லிமீட்டர் மரை வெட்டுபவை. ஆங்கிலப் பட்டறைகளில் இருந்த ஸ்பானர்களோ விட்வொர்த் அளவின. ஆகவே மரையை மில்லிமீட்டரிலும் தலையை விட்வொர்த்திலும் அமைக்கும் விந்தை வழக்கம் அத்தொழிற்சாலையில் வேரூன்றிற்று. மாரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த பந்தய வண்டி எம்.ஜி. அதன் எஞ்சின்கள் பலவும் இக்கவெண்ட்ரித் தொழிற்சாலையில் உருவானவை. எனவே, பிரெஞ்சு என்று சாட்சி சொன்ன அதே மரை, உரிய முறையில் வினவப்பட்டபோது ஆங்கிலம் என்று வாக்குமூலம் தந்தது.

எம்.ஜி. என்பது ஆக்ஸ்போர்டு நகரின் 'மாரிஸ் கராஜஸ்' என்னும் பெயரின் முதலெழுத்துக்கள். 1929-ஆம் ஆண்டு முதல் 1980-ஆம் ஆண்டுவரை அபிங்டன் என்னும் ஊரில் அவ்வண்டிகள் செய்யப்பட்டன. குடும்பப்பெயர் கிடைத்தது, இனி, இவ்வண்டி அக்குடும்பத்தில் யார் என்பதை அறியவேண்டும். இங்கே யாம் பின்பற்றிய முறை, தருக்க நூலார் 'எஞ்சியது கோடல்' என்று கூறும் முறையே. அஃதாவது, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாய் நீக்கி, நீங்காது நிற்பதை ஏற்றல்.

முதலாவது, முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை நூல் பிடித்து அளந்தோம்: 94 அங்குலம். 1930-களின் முற்பகுதியில் தோன்றிய 'ஜே', 'பீ' வகை எம்.ஜி. வண்டிகளில் இவ்வளவு 86, 87 அங்குலமே; ஆதலின் அவை நீங்கின. 94 அங்குலம் கொண்டவை 'டீ' வரிசையைச் சேர்ந்த டீ.ஏ., டீ.பி., டீ.சி., டீ.டி., டீ.எப். என்னும் ஐந்து. இரண்டாவது, முன்புறத்தை நோக்கினோம். இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை இரும்பு அச்சும் அதனைத் தாங்கும் வில்பட்டைகளும் இருந்தன. 1949-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய டீ.டி.யிலும் அதன் பின்வந்த டீ.எப்.பிலும் முன்சக்கரங்கள் தனித்தனியே சுருள்வில்லின்மேல் இயங்குவன. ஆதலின் அவ்விரண்டும் நீங்கின. மூன்றாவது, எஞ்சினின் உள்ளளவு. பல்லாண்டு இறுகிக் கிடந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நாள் ஊறவிட்டு, மேல்மூடியைக் கழற்றி, மேஸ்திரி மெல்லத் தம் கையாற் சுழற்றினார். பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். 1936-ஆம் ஆண்டில் வந்த டீ.ஏ.யில் அது 102 மில்லிமீட்டர், அவ்வகையும் நீங்கிற்று. 90 மில்லிமீட்டர் கொண்டது 1,250 கன சென்டிமீட்டர் எஞ்சின்.

எஞ்சியவை டீ.பி., டீ.சி. என்னும் இரண்டு. உடன்பிறந்த இரட்டையரைப் போல்வன அவை. டீ.பி. 1939-ஆம் ஆண்டில் 379 வண்டிகளே செய்யப்பட்ட நிலையில் இரண்டாம் உலகப் போரால் நின்றது, டீ.சி. போர் ஓய்ந்த 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 வண்டிகள் செய்யப்பட்டது. இவ்விரண்டையும் வேறு பிரிப்பது ஒரு சிறு உறுப்பு. டீ.பி.யில் வில்பட்டையின் ஒரு முனை உருளைக் குழியில் வழுக்கி இயங்கும்; டீ.சி.யிலோ ரப்பர் பொதிந்த ஊசல் வளையத்தில் ஊசலாடும். படிந்திருந்த மண்ணையும் எண்ணெய்ப் பிசினையும் சுரண்டியபோது ஊசல் வளையமே வெளிப்பட்டது.

இறுதிச் சான்று அடிச்சட்டத்தில் இருந்தது. முன்புறம் இடப்பக்கத்து நீட்டுச்சட்டத்தில் வண்டியின் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும் என்று பழுதுபார்ப்பு நூல்கள் கூறின. அங்கே துருவன்றி வேறொன்றும் கட்புலனாகவில்லை. கல்வெட்டுப் பாடத்தில் எம் ஆசிரியர் மைப்படி எடுக்கக் கற்பித்த முறை அப்போது நினைவுக்கு வந்தது. துருவை உப்புத்தாளால் தேய்க்காமல், மெல்லிய தாளை அதன்மீது ஒட்டி, கரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து மெல்ல உரசினோம். கண்ணுக்குத் தெரியாதது தாளில் எழுந்தது. டீ.சி. என்னும் எழுத்துக்கள், ஒரு சாய்கோடு, அதன்பின் 3. அடுத்த மூன்று எண்களில் ஒன்று தெளிவாகவும் இரண்டு ஐயமாகவும் இருந்தன. டீ.சி. வண்டிகளின் வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்காமல் 251-லிருந்து தொடங்கும். அபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251 என்பதே அதற்குக் காரணம்! மேஸ்திரி அத்தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்து, "உங்கள் தமிழ்ப் படிப்பு இரும்பையும் பேச வைக்கிறதே, தம்பி" என்றார். எம் படிப்பைப் பற்றி யாம் கேட்ட பாராட்டுகளில் அதனை முதலாவதாக வைக்கின்றோம்.

வண்டி இன்னதென்று தெளிந்தது; வணிகர் சொன்ன உயர்ந்த விலையும் கைக்கெட்டும் தொலைவில் வந்தது. ஆயினும் மேஸ்திரியின் முகம் தெளியவில்லை. "அடி டீ.சி.தான், மேலே இருப்பது என்னவென்று இன்னும் தெரியவில்லை" என்றார். டீ.சி. வண்டியின் மேற்கூடு, ஆஷ் என்னும் குளிர்நாட்டு மரத்தால் சட்டம் அமைத்து, அதன்மேல் இரும்புத் தகடு போர்த்தியது. இங்கே தகட்டின் கிழிந்த வாயிலாக உள்ளிருந்த மரம் தெரிந்தது. பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவர் வந்து, உளியின் நுனியால் ஒரு துளி சீவி, முகர்ந்து, நீர் தடவிப் பார்த்து, வேங்கை என்றார். அடிக்கட்டை மட்டும் தேக்கு என்றார். இவ்விரண்டும் ஆங்கிலத் தொழிற்சாலை பயன்படுத்திய மரங்கள் அல்ல.

மரத்துண்டுகளின் பொருத்துவாய்களில் சில கீறல்கள் தென்பட்டன. ஒரு துண்டின் முனையில் 'உ' என்று இருந்தது. பணியைத் தொடங்குமுன் இட்ட பிள்ளையார் சுழி என்றார் மேஸ்திரி. அவ்வாறே ஆகலாம் என்று யாமும் கருதினோம். ஆனால் அத்துண்டின் நாக்கு நுழையும் மறுதுண்டின் துளையருகிலும் அதே 'உ' இருந்தது. அடுத்த பொருத்தில் இருபுறமும் 'எ'. அதற்கடுத்ததில் இருபுறமும் 'அ'. அப்பொழுது எமக்கு ஐயம் நீங்கிற்று. இவை எழுத்துக்கள் அல்ல, எண்கள். ௨ இரண்டு, ௭ ஏழு, ௮ எட்டு. இக்காலத்தார் மறந்துவரும் தமிழ் எண்களில் அக்கூட்டின் ஒவ்வொரு பொருத்தும் எண்ணிடப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாய்த் தேடி ௨௰௨ வரை, அஃதாவது இருபத்திரண்டு வரை, எழுதிக் கொண்டோம். இவ்வண்டியின் உடல் அபிங்டனில் பிறந்ததன்று. தமிழ் எண் அறிந்த ஒருவர் கையால் இந்நாட்டிற் பிறந்தது.

இதனை உறுதி செய்யத் திண்டிவனம் மீண்டு, தோழரின் பாட்டியாரை வினவினோம். எண்பதைக் கடந்தவர், கண் சற்று மங்கினாலும் நினைவு மங்காதவர். அவர் சொன்னதன் சாரம் இது. பாட்டனார் 1958-ஆம் ஆண்டில், தாய்நாடு திரும்பும் ஓர் ஆங்கிலேயரிடம் சென்னையில் இவ்வண்டியை வாங்கினார். 1964-ஆம் ஆண்டு மழைநாளில் விக்கிரவாண்டிக்கு அப்பால் சாலையோரப் புளியமரத்தில் மோதி மேற்கூடு நொறுங்கிற்று. பழைய கூட்டின் உடைந்த துண்டுகளையே மாதிரியாக வைத்துக் கொண்டு, கிடங்கிலில் வாழ்ந்த வண்டியாசாரி ஒருவர் மூன்று மாதம் ஆலைத் திண்ணையிலேயே தங்கிப் புதுக்கூடு செய்தார். "அவர் கோயில் தேர் பழுது பார்க்கிறவர். தேராசாரி என்றுதான் கூப்பிடுவோம். வேலை முடிந்த அன்று கூலி வாங்குவதற்கு முன்னே, என்னை உள்ளே உட்கார வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கதவு ஒரு சத்தம் போடவில்லை, தம்பி" என்றார் பாட்டியார். சோழவரத்து விமானத் திடலில் அக்காலம் நடந்த பந்தயங்களில் இவ்வண்டி ஓடிற்று என்று உறவினர் ஒருவர் சொல்லிவந்தார். பாட்டியார் அதனை மறுத்தார்: "பந்தயத்துக்கா? நெல் விலை கேட்கத்தான் ஓடிற்று."

கிடங்கில் என்னும் பெயரைக் கேட்டதும் எம் உள்ளம் வேறிடம் சென்றது. இன்று திண்டிவனத்தோடு இணைந்திருக்கும் அவ்வூர், சங்க காலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரியது. அவ்வள்ளலை நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை பத்துப்பாட்டில் ஒன்று. அப்பாட்டின் இறுதியில் அவன் பாணர்க்குத் தேர் ஒன்றை வழங்குகின்றான். புலவர் அத்தேரின் அழகை மட்டும் புகழ்ந்து அமையவில்லை. கூரிய உளி பாய்ந்த வடு ஆழ்ந்திருக்கும் சக்கரக் குறட்டையும், வலிய கையையுடைய தச்சர் வேலையை முற்றுவித்ததையும், அது முன்னமே ஓட்டிப் பார்க்கப்பட்டு நற்பெயர் எய்தியதையும் சொல்கின்றார். உளியின் வடுவைக் குறையாகக் காணாமல் செய்தவனுடைய கையெழுத்தாகக் கண்ட கண் அவருடையது. சங்க காலத்துத் தச்சர் மரபே நேராக இத்தேராசாரிவரை வந்தது என்று சொல்லுதல் மிகையாகும்; அதற்குச் சான்று இல்லை. ஆனால் உளிவடுவைக் காணும் அக்கண்ணை நாம் கடனாகப் பெறுவதற்குச் சான்று எதுவும் வேண்டா.

இனி, வினா வேறாயிற்று. இவ்வண்டியைச் 'செப்பனிடுதல்' என்றால் என்ன? 1949-ஆம் ஆண்டுக்கு முன் அபிங்டனை விட்டுப் புறப்பட்ட உருவத்திற்கு மீட்பதா, 1964-ஆம் ஆண்டில் திண்டிவனத்தில் பெற்ற உருவத்தைக் காப்பதா? இவ்வினா எமக்குமட்டும் எழுந்ததன்று. பழைய கட்டடங்களைக் காக்கும் முறைபற்றி 1964-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் ஒரு சாசனம் எழுந்தது. அதனைத் தழுவி, பழைய வண்டிகளுக்கென உலகக் கூட்டமைப்பு ஒன்று 2012-ஆம் ஆண்டில் டுரின் சாசனத்தை ஏற்றது. வண்டி தன் வாழ்நாளில் அடைந்த மாற்றங்களும் அதன் வரலாறே என்பது அதன் கருத்து. மஜோரே ஏரியின் சுவிட்சர்லாந்துப் பகுதியில் பல பத்தாண்டு மூழ்கிக் கிடந்த 1925-ஆம் ஆண்டுப் புகாட்டி ஒன்று 2009-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. அதனை ஏலத்திற் பெற்ற அமெரிக்கச் செல்வர், புதுக்காமல், நீர் தின்ற உருவத்திலேயே தம் காட்சிச்சாலையில் வைத்தார். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டில் வகுத்த விதியும் 50 ஆண்டுக்கு மேற்பட்டு, அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றி மூலவுருவோடு பேணப்படும் வண்டியையே 'விண்டேஜ்' என்று கொள்கின்றது. அத்தகையதற்குத் தனியான பதிவெண்ணும் அளிக்கின்றது. எனவே மூலவுரு யாது என்பதைத் தேராமல் சுத்தியலைத் தொடுதல் அறிவுடைமை ஆகாது.

வணிகர் மூன்றாம் முறை வந்தார். மரத்தின் செய்தியைத் தோழரின் தந்தையார் மறைக்காமற் கூறினார். வணிகர் சற்றே சிந்தித்து, முன் சொன்ன உயர்ந்த விலையைத் தருவதாகவும், ஆனால் மேற்கூடு மாற்றப்பட்டது என்னும் செய்தி விற்பனைத் தாளில் வரக்கூடாது என்றும் கேட்டார். கூட்டை உடைத்து அடுப்பிலிட்டுவிட்டால் கேட்பார் இல்லை என்பது அவர் எண்ணம். கட்டணம் செலுத்த ஒன்பது நாளே இருந்தது. தோழரின் தந்தையார் விடை கூறாது தூணைப் பற்றி நின்றார். பொய் ஒன்றும் சொல்லவேண்டுவதில்லை. ஒரு வரியை எழுதாமல் விட்டால் போதும். மகளின் படிப்பு ஒருபுறம், இறந்துபோன ஓர் ஆசாரியின் மரச்சட்டம் மறுபுறம் என்றால், துலாக்கோல் எப்பக்கம் சாயும் என்று எவரும் ஊகிக்கலாம். அவரைக் குறை கூறும் தகுதி எமக்கில்லை.

அவ்வேளையில் பாட்டியார் உள்ளிருந்து வந்தார். "விற்பதானால் விற்றுவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த மனுஷர் செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லி விற்காதீர்கள். அவர் மூன்று மாதம் நம் வீட்டுச் சோறு சாப்பிட்டவர்" என்றார். பின்பு மகனை அழைத்து, தம் கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அவை அடகுக் கடைக்குச் சென்றன. தங்கையின் கட்டணம் குறித்த நாளில் செலுத்தப்பட்டது. ஆலையின் பழைய எண்ணெய் எஞ்சினை விற்று வளையலை மீட்பதாக ஏற்பாடு. வண்டி விழுப்புரத்துப் பட்டறையிலேயே நிற்கின்றது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சேற்றியபோது, ஏடு சிதைந்த இடங்களில் தம் புலமையால் சொல் நிரப்பாமல், சிதைந்தவற்றைச் சிதைந்தவை என்றே புள்ளியிட்டுக் காட்டினார். வேறு ஏடுகளிற் கண்ட பாடங்களையும் மறையாது குறித்தார். வகுப்பில் இதனை யாம் பன்முறை கேட்டதுண்டு. அந்நேர்மையின் விலை என்ன என்பது, கழற்றிய வளையல்களைக் கண்டபோதுதான் விளங்கிற்று.

இதனை எழுதும் இந்நாளில் அவ்வண்டியைப்பற்றிய குறிப்பு ஒன்று ஆயத்தமாகியுள்ளது. அதில் மூன்று பகுதிகள். அபிங்டனில் செய்தவை: அடிச்சட்டம், எஞ்சின், அச்சுகள். கிடங்கில் ஆசாரி செய்தவை: இருபத்திரண்டு பொருத்துக்களையுடைய மரச்சட்டம். சான்று கிடையாதவை: பதிவெண்ணின் நடுப்பகுதி, வரிசை எண்ணில் இரண்டு இலக்கம், முதலில் பூசிய நிறம். சோழவரத்துக் கதை அதில் இடம் பெறவில்லை. மேஸ்திரி எஞ்சினுக்கு வேண்டிய உறுப்புகளைத் தேடி வருகின்றார். இற்றுப்போன இரண்டு மரத்துண்டுகளுக்குப் புதுத்துண்டு செய்யும் ஆசாரிக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றே: புதியது என்று தெரியும்படி ஆண்டைச் செதுக்கு, பொருத்தின் எண்ணைத் தமிழிலேயே போடு.

அன்பர்களே, நும் ஊர்க் கொட்டகையிலும் இவ்வாறு பெயரிழந்த வண்டியோ, கைத்தறியோ, அச்சுப்பொறியோ, இசைப்பெட்டியோ கிடத்தல் கூடும். அதனைப் புதுக்க விரும்பின், முதலில் கிடந்தபடியே படம் எடுங்கள். நூல் பிடித்து அளந்து எழுதுங்கள். துருவைத் தேய்க்குமுன் மைப்படி எடுங்கள். கழற்றும் ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு சீட்டுக் கட்டுங்கள். கேள்விப்பட்டதையும் கண்டதையும் வேறு வேறு தாளில் குறியுங்கள். எல்லாவற்றிற்கும் முன்னதாக, அவ்வீட்டில் வயது முதிர்ந்தவர் யாரென்று வினவி, அவர் அருகில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருங்கள். இரும்பு எத்துணை ஆண்டும் காத்திருக்கும், அவர் காத்திருக்கமாட்டார்.